சாவி கையில் இருக்கிறது, பத்திரம் எங்கே?

"பாக்கியை மெதுவாகக் கொடுங்கள். பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, நீங்கள் குடிவந்துவிடுங்கள்."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தப் பேச்சு சர்வ சாதாரணமாகிவிட்டது. வீட்டை விற்பவர் இப்படிச் சொல்கிறார். நடுவில் நிற்கும் தரகர் தலையாட்டுகிறார். உருக்காலையிலோ வார்ப்படச் சாலையிலோ நெருப்பின் முன் நின்று நாலு காசு சேர்த்த தொழிலாளி இதைக் கேட்டு மனம் குளிர்கிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பால் காய்ச்சி, குடும்பத்தோடு குடியேறிவிடுகிறார். சாவி அவர் கையில் இருக்கிறது. பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. கவரைப்பேட்டை, பொன்னேரி, ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிக் குடியிருப்பவர்களைக் காணலாம்.

அவசரப்பட்டு ஏமாந்தான் என்று தொழிலாளியின் மேல் பழியைப் போடுவது சுலபம். ஏன் அவசரப்படுகிறார் என்று கேட்பவர் குறைவு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. சீட்டில்லாதவனுக்கு பாங்கி வீட்டுக் கடன் கொடுப்பதில்லை. ஆகவே நகையை அடகு வைத்தும், ஏலச் சீட்டு எடுத்தும், மாமன் மச்சானிடம் கைமாற்று வாங்கியும் அவர் பணத்தைத் துண்டு துண்டாகத்தான் திரட்ட முடியும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும். அதுவரை ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறுபக்கம் வாங்கிய கடனுக்கு வட்டி. இரண்டு மாட்டை ஒரே புல்லுக்கட்டில் எப்படிக் கட்டித் தீனி போடுவது? வாடகையையாவது மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் அவர் கிரயத்துக்கு முன்னாலேயே குடியேறுகிறார்.

கிரயச் செலவோ சாமானியமல்ல. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 12 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1,08,000 ரூபாய் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை வந்திருக்கிறது; வரவேற்கிறோம். ஆனால் மீதிச் சுமை அப்படியே நிற்கிறது. வீட்டுக்குக் கொடுக்கவே பணம் போதாதவர், அதற்கு மேல் ஒரு லட்சத்தை எங்கே தேடுவார்? "பத்திரம் அப்புறம்" என்ற பேச்சுக்கு அவர் இணங்குவதில் பாதிக் காரணம் இந்த லட்ச ரூபாய்தான்.

குடியேறிய பிறகு என்ன நடக்கிறது? பல பேருக்கு ஒன்றும் நடப்பதில்லை. விற்றவர் யோக்கியராக இருந்தால் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் வட்டாரத்தில் புதிதாக ஒரு தொழிற்சாலை வரப்போகிறது என்ற செய்தி பரவட்டும், மனை விலை ஏறட்டும், அப்போது பாருங்கள். பழைய விலைக்கு எழுதிக் கொடுக்க மனம் வருவதில்லை. சில இடங்களில் விற்றவர் இறந்துபோகிறார், எங்கிருந்தோ நாலு வாரிசுகள் வந்து, "எங்களைக் கேட்டா வாங்கினாய்?" என்கிறார்கள். சில இடங்களில் வீடு ஏற்கெனவே பாங்கியில் அடமானத்தில் இருந்தது தெரியவருகிறது. ஏல நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும்போதுதான், இத்தனை நாள் தான் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றியது யாருடைய வீடு என்று தொழிலாளிக்கு விளங்குகிறது.

சட்டம் இவருக்குத் துணை நிற்கிறதா?

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-வது பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து, பதிவு செய்த பத்திரத்தின் மூலமே கைமாறும். ஆனாலும், பணத்தையும் வாங்கிக்கொண்டு, வீட்டிலும் குடியேற்றிவிட்டு, பிறகு "பத்திரம் இல்லையே, வெளியே போ" என்று விற்றவர் சொல்வது அநியாயம் என்று சட்டம் செய்தவர்களுக்கே தோன்றியது. அதனால்தான் 1929-ல் 53-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதன்படி வாங்குபவர் சுவாதீனம் பெற்றிருக்க வேண்டும். தன் பங்கை நிறைவேற்ற அவர் தயாராக இருக்க வேண்டும். இவை இருந்தால் விற்றவர் அவரை வெளியேற்ற முடியாது. ஒப்பந்தம் பதிவாகாவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. ஏழை எளியவர்களுக்கு எழுபது வருஷத்துக்கு மேல் கேடயமாக இருந்த பிரிவு இது.

2001-ல் வாஜ்பாய் சர்க்கார் இந்தக் கேடயத்தைத் திருத்தியது. அந்த வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி முதல், சுவாதீனம் கொடுக்கும் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே 53-ஏ பிரிவின் பாதுகாப்பு உண்டு. பெரும் பணக்காரர்கள் கிரயப் பத்திரம் எழுதாமலே ஒப்பந்தத்தையும் பவர் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு சொத்துக்களைக் கைமாற்றி முத்திரைத் தீர்வை ஏய்ப்பதைத் தடுக்க வேண்டும் என்பது காரணம். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கத்தி யார் கழுத்தில் விழுந்தது? பணக்காரர்களுக்கு வக்கீல் இருக்கிறார்; மறுநாளே வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இருபது ரூபாய் முத்திரைத் தாளில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு சாட்சிகளை வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்ட தொழிலாளிக்கு, தன் தாளிலிருந்து பாதுகாப்பு உதிர்ந்துபோன செய்தியே தெரியாது. பவர் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனை சொத்துரிமையைக் கொடுக்காது என்று சுப்ரீம் கோர்ட் 2011 அக்டோபரில் தீர்ப்புச் சொன்ன பிறகும், "பவர் இருக்கிறது, பயப்படாதே" என்று சொல்லும் தரகர்கள் இந்த ஜில்லாவில் இன்றும் உண்டு.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையே கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படியானால் பதிவு செய்யாதவர் கதி? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழியைத் திறந்துவிட்டது: ஒப்பந்தப்படி கிரயம் எழுதித் தரும்படி கேட்டு வழக்குப் போடும்போது, பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாகக் காட்டலாம். இது ஆறுதல்தான். ஆனால் வழக்கை மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். கிரயத் தொகையின் மதிப்பில் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு வாய்தாவுக்கு வாய்தா ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு பொன்னேரிக்கோ திருவள்ளூருக்கோ அலைய வேண்டும். லீவு போட்டால் காண்ட்ராக்டர் ஆளை மாற்றிவிடுவான்.

தவணை மனை வாங்கியவர்களின் கதை இதைவிட மோசம். மாதாமாதம் பணம் கட்டி, கடைசித் தவணை முடிந்த பிறகு பத்திரம் என்று சொல்லி, அதற்குள்ளாகவே கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதிப்பார்கள். 2016 செப்டம்பர் 9-ந் தேதி, அனுமதி பெறாத மனைப்பிரிவுகளில் பத்திரப் பதிவு கூடாது என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. விளைநிலங்களைக் கூறு போட்டு விற்ற கொள்ளைக்கு அந்த உத்தரவு தேவையாகத்தான் இருந்தது. 2017 மே மாதம் சர்க்கார் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் கிரயம் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. அதோடு ஒரு ஷரத்தையும் சேர்த்தது: ஒப்பந்தமோ பவர் பத்திரமோ விற்பனைக்கு அத்தாட்சியாக ஏற்கப்படாது. பத்திரம் வாங்கி மனையைச் சும்மா போட்டு வைத்திருந்தவர் தப்பித்தார். முக்கால் பங்கு தவணை கட்டி அந்த மனையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தவர் அந்த விதியின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இத்தனையும் வாங்குகிற தொழிலாளியின் பக்கம். இதே வட்டாரத்தில், முதலில் நுழைந்துவிட்டுப் பிறகு கணக்குத் தீர்ப்பவர் இன்னொருவரும் இருக்கிறார். அவர் சர்க்கார்.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதும் ஒரு கிரயம்தான். விற்பவருக்கு "மாட்டேன்" என்று சொல்ல உரிமை இல்லாத கிரயம். வெள்ளைக்காரன் செய்த 1894-ம் வருஷத்துச் சட்டத்தின் 17-வது பிரிவு, அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இழப்பீடு தீர்மானமாவதற்கு முன்பே நிலத்தைச் சுவாதீனம் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் தொழில்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1997-ல் ஒரு தனிச் சட்டம் செய்தார்கள். அது அமுலுக்கு வந்ததும் 2001-ல்தான். தொழிலாளியின் கேடயம் திருத்தப்பட்ட அதே வருஷம். அந்தச் சட்டப்படி, கெஜட்டில் அறிவிப்பு வெளியானவுடனேயே நிலம் சகல வில்லங்கங்களும் நீங்கி சர்க்காருக்குச் சொந்தமாகிவிடும். உடையவர் ஒப்படைக்க வேண்டும். மறுத்தால் வேண்டிய பலத்தைப் பிரயோகித்து எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு பணம் என்ற பேச்சு அதற்குப் பிறகு.

2013-ல் பார்லிமெண்ட் புதிய நிலச் சட்டம் செய்தது. முழு இழப்பீட்டையும் கொடுத்த பிறகே நிலத்தில் கால் வைக்க வேண்டும் என்று அதன் 38-வது பிரிவு சொல்கிறது. விவசாயிகள் நாடெங்கும் போராடிப் பெற்ற ஷரத்து அது. தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில்துறைச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கினார்கள். இழப்பீட்டுக் கணக்கு மட்டும் புதிய சட்டப்படி; எடுக்கும் முறை பழையபடியே. 2019 ஜூலையில் ஹைகோர்ட் இதைச் செல்லாது என்றது. உடனே சட்டசபையில், 2013-லிருந்தே முன்தேதியிட்டு, அந்த மூன்று சட்டங்களுக்கும் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. இந்த எட்டு வருஷ ஓட்டத்தில் அ.தி.மு.க. சர்க்கார் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கை, ஒப்பந்தத்தோடு குடியிருக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்புத் தேடுவதில் எந்த சர்க்காரும் காட்டியதில்லை.

இன்னொரு தீர்ப்பையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2020 மார்ச் 6-ந் தேதி, இந்தூர் வளர்ச்சி அதிகாரசபை வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்சு தீர்ப்பளித்தது. சர்க்கார் சுவாதீனம் எடுத்துவிட்டிருந்தால், இழப்பீடு கொடுக்கப்படவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் பழைய கையகப்படுத்தல் காலாவதியாகாது. சரி, சுவாதீனம் எடுப்பது என்றால் என்ன? மகஜர் எழுதினால் போதும். ரெவின்யூ அதிகாரி ஒரு தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டால் சர்க்கார் நிலத்துக்குள் புகுந்துவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகும் அந்த நிலத்தில் இருப்பவர் அத்துமீறியவர்!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்ந்து, வரி கட்டி, மின்சாரக் கட்டணம் கட்டி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்திருக்கும் தொழிலாளி, பதிவான தாள் ஒன்று இல்லாததால் பாதுகாப்பு இழக்கிறார். ஒரு நாள்கூட அந்த மண்ணை மிதிக்காத சர்க்கார், தாள் ஒன்று இருப்பதால் சுவாதீனக்காரர் ஆகிறது. தாளின் மகிமை இப்படி இருக்கும்போது, அந்தத் தாள் ஏழைக்கு எளிதாகக் கிடைக்க வேண்டாமா?

பட்டா இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்குத் தீர்க்கும் பேச்சே கிடையாது. தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. மிஷெலின் டயர் கம்பெனி அங்கே வந்தது. அந்த நிலத்தையும் அதன் நீர்நிலைகளையும் நம்பி வாழ்ந்த கிராம மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், வருஷக்கணக்கில் போராடினார்கள். புறம்போக்குக்கு விற்பவர் யார், வாங்குபவர் யார்?

சர்க்கார் காட்டிய வழியில் தனியாரும் நடக்கிறார்கள். சிறு விவசாயியிடம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, மறுவாரமே கல் நட்டுக் கம்பி வேலி கட்டிவிடுகிறார்கள். பாக்கிப் பணத்துக்கு விவசாயி மாதக்கணக்கில் நடக்கிறார். விதைக்க நிலம் இல்லை. கையில் பணமும் இல்லை. குடியேறிய ஏழையை விற்பவர் மிரட்டுகிறார். வேலி போட்ட பணக்காரரோ விற்பவரை மிரட்டுகிறார். இரண்டு இடத்திலும் நஷ்டம் யாருக்கு என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொழிலாளிக்கு ஏன் சொந்த வீட்டு ஆசை என்று கேட்கும் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். 1952-ல் மத்திய சர்க்கார் தொழிலாளர் வீட்டு வசதித் திட்டம் ஒன்றை மானியத்தோடு தொடங்கியது. ஆலைகளைச் சுற்றிக் குறைந்த வாடகையில் குடியிருப்புகள் வரும் என்றார்கள். கும்மிடிப்பூண்டி பேட்டையைச் சுற்றி அப்படிப் போதுமான குடியிருப்பு எழுந்திருந்தால், கையில் வெறும் சாவியோடு இத்தனை குடும்பங்கள் நின்றிருக்குமா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 படுக்கைகளுடன் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டிருக்கிறது. தனியாக வந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு அது நல்ல காரியம். படுக்கையில் குடும்பம் நடத்த முடியாது.

சர்க்கார் செய்ய வேண்டியது அப்படியொன்றும் மலையைப் பெயர்ப்பதல்ல. முதல் வீடு வாங்கும் தொழிலாளி, சுவாதீனத்தோடு கூடிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வந்தால், சதவீதக் கணக்குப் பார்க்காமல் பெயரளவுக்கு ஒரே கட்டணம் வாங்கட்டும். கிரயச் செலவைத் தவணையில் கட்ட வழி செய்யட்டும். எட்டு மனைக்கு மேல் போட்டு விற்பவர், ஒப்பந்தம் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது என்று 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. இந்த ஜில்லாவில் தவணை மனை விற்பவர்களிடம் அது அமுலாகிறதா என்று இறங்கிச் சோதிக்கட்டும். தொழிலுக்கு நிலம் எடுக்கும்போது பணம் முன்னே, சுவாதீனம் பின்னே என்ற ஷரத்துக்கு மாநிலச் சட்டம் வாங்கி வைத்திருக்கும் விலக்கை எடுத்துவிடட்டும்.

சர்க்கார் செய்யும்வரை தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. குடியேறுவதற்கு முன் மூலப் பத்திரத்தையும், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றையும், பட்டாவையும் பார்க்க வேண்டும். நகலை நம்பக் கூடாது. மூலப் பத்திரம் பாங்கியில் இருந்தால், பாக்கியை நேரே அந்தக் கடனில் கட்டும்படி எழுதிக்கொள்ள வேண்டும். வாரிசுகள் இருந்தால் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். "சுவாதீனம் இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டது" என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பணத்தை பாங்கி மூலமே கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். இரண்டாவது ஆளுக்கு விற்கப் போனாலும் அவன் கண்ணில் படும்.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுதி நாலு மாதம் ஆகாதிருந்தால் நாளைக்கே சார்பதிவாளரிடம் கொண்டுபோகலாம். அதற்கு மேல் இன்னொரு நாலு மாதம்வரை அபராதத்தோடு இடம் உண்டு. அதுவும் தாண்டிவிட்டால், விற்றவர் மனம் மாறுவதற்கு முன் புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிரயத்துக்குக் குறித்த தேதியிலிருந்து, தேதி குறிக்காவிட்டால் விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து, மூன்று வருஷம் ஓடிவிட்டால் வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். சட்டப்படி உத்தரவில்லாமல் யாராவது சாமானைத் தூக்கி வெளியே எறிந்தால், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவின்கீழ் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பக் குடியேறலாம்; எறிந்தவர் சொத்துக்குச் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

இந்த விஷயத்தில் தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பேட்டையிலுள்ள ஒவ்வொரு ஆலையின் சங்கமும் தன் உறுப்பினர்களில் எத்தனை பேர் வெறும் ஒப்பந்தத்தோடு குடியிருக்கிறார்கள், எத்தனை பேர் அதுவும் இல்லாமல் ரசீதுச் சீட்டோடு இருக்கிறார்கள் என்று இந்த மாதமே கணக்கெடுக்கட்டும். ஒப்பந்தத் தேதி, கொடுத்த பணம், பாக்கி, விற்றவர் விவரம், பாங்கி அடமானம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும். காலக்கெடு நெருங்கியவர்களை முதலில் பிரித்தெடுத்து ஒரு வக்கீலிடம் அழைத்துப் போகட்டும். மீதிப் பட்டியலோடு கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு ஊர்வலமாகச் சென்று, ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களுக்காக மாலை நேரப் பதிவு முகாம் நடத்தும்படி கேட்கட்டும்.